வாயைக் கட்டாதவன் பாவியா?



நம்முடைய சபைகளில் ஒருவருக்குச் சர்க்கரை வியாதி என்று கேள்விப்பட்டவுடன் நம்முடைய வாயிலிருந்து முதலாவது வருகிற வார்த்தை என்ன? "ஐயோ, எப்படி இருக்கீங்க?" என்பதா? இல்லை. "வாயைக் கட்டணும் பிரதர்!" என்பதுதான். கண்புரை வந்தவரிடம் நாம் இப்படிப் பேசுகிறதில்லை. குடலிறக்கம் வந்தவரிடமும் பேசுகிறதில்லை. சர்க்கரைக்கு மாத்திரம் வியாதியஸ்தனையே கூண்டில் ஏற்றி விசாரிக்கிறோம். பிறவிக்குருடனைக் கண்டவுடனே இது யார் செய்த பாவம் என்று சீஷர்கள் கேட்டார்கள் அல்லவா? அதே கேள்வி இன்றைக்கு மேடவாக்கத்திலும் தாம்பரத்திலும் லேப் ரிப்போர்ட்டைக் கையில் பிடித்துக்கொண்டு கேட்கப்படுகிறது.

இந்தக் காரியத்தைக் கொஞ்சம் நிதானமாய் யோசிக்க விரும்புகிறேன். எனக்கும் இதில் பங்கு உண்டு. எனக்கு எடுத்த பரிசோதனையில் ஹெச்பிஏ1சி என்கிற மூன்று மாதச் சராசரி 6.1 என்று வந்தது. 5.7-க்குக் கீழே இருந்தால் பயமில்லை, 6.5-ஐத் தொட்டால் சர்க்கரை வியாதி. நான் நடுவிலே நிற்கிறேன். "பார்டர்ல இருக்கு சார்" என்று லேப் தம்பி சொன்னார், என்னவோ வாகா எல்லையில் நிற்பதுபோல! இப்படி வாசற்படியில் நிற்பவர்கள் கொஞ்சநஞ்சம் பேர் அல்ல. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் 'இன்டியாப்' ஆய்வு 2023-ல் வெளிவந்தபோது, தேசத்தில் சர்க்கரை வியாதியுள்ளவர்கள் 10.1 கோடி என்றும், வாசற்படியில் நிற்பவர்கள் 13.6 கோடி என்றும் கணக்குச் சொன்னது.

சரீரத்துக்குள் நடப்பது என்ன? நாம் புசிக்கிற சோறும் இட்லியும் சர்க்கரையாய் உடைந்து இரத்தத்தில் கலக்கிறது. உடனே கணையம் இன்சுலினை அனுப்புகிறது. இன்சுலின் போய்த் தசைகளின் கதவைத் தட்டி, சர்க்கரையை உள்ளே எடுத்துக்கொள்ளும்படி சொல்லுகிறது. தசைக்குள்ளும் ஈரலுக்குள்ளும் கொழுப்பு சேர்ந்துபோனால் அவைகளுக்குக் காது மந்தமாகிவிடுகிறது. ஒரு தட்டுக்குத் திறந்த கதவு நாலு தட்டினாலும் திறக்கிறதில்லை. கணையம் விடுகிறதா? இன்னும் இன்சுலின், இன்னும் இன்சுலின் என்று சுரந்துகொண்டே இருக்கிறது. இதைத்தான் இன்சுலின் எதிர்ப்பு என்கிறார்கள். லண்டன் வைத்தியர் ஹரால்டு ஹிம்ஸ்வொர்த் 1936-லேயே, சர்க்கரைக்காரர்கள் எல்லாரும் ஒரே ரகம் அல்ல, சிலருடைய சரீரம் இன்சுலினுக்குக் கீழ்ப்படிகிறது, சிலருடையது கீழ்ப்படிகிறதில்லை என்று கண்டு எழுதினார். வருஷக்கணக்கில் இரட்டிப்பு வேலை செய்த கணையம் ஓய்ந்துபோகும்போதுதான் ரிப்போர்ட்டில் எண் ஏறுகிறது. அதற்கு முந்தின வருஷங்கள் எல்லாம் சத்தமில்லாத வருஷங்கள்.

சத்தமில்லை என்றாலும் அடையாளம் உண்டு. ஆண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 90 சென்டிமீட்டருக்கும், பெண்களுக்கு 80-க்கும் மேலே போவது ஒன்று. கழுத்தின் பின்புறமும் அக்குளும் வெல்வெட்டுபோலத் தடித்துக் கறுப்பது இன்னொன்று. எத்தனை தாய்மார், "ஏன்டி, கழுத்தை நல்லாத் தேய்ச்சுக் குளிக்க மாட்டியா?" என்று பெண்பிள்ளையின் கழுத்தை நார் போட்டுத் தேய்த்து ரணமாக்குகிறார்கள்! அது அழுக்கே அல்ல, பிரியமானவர்களே. உள்ளே இன்சுலின் அளவுக்கு மிஞ்சி இருக்கிறது என்று தோல் சொல்லுகிற செய்தி. அழுக்கு என்று எண்ணிப் பிள்ளையைத் திட்டுகிறோமே, சர்க்கரைக்காரனை நாம் திட்டுவதும் பலவேளைகளில் இந்தக் கழுத்துக் கதைதான்.

ஏன் அப்படிச் சொல்லுகிறேன்? சென்னையில் பெரியவர்களை எண்ணிப் பார்த்தபோது 1989-ல் நூற்றுக்கு 8.3 பேருக்குச் சர்க்கரை இருந்தது. 2004-ல் எண்ணினார்கள், நூற்றுக்கு 14.3. பதினைந்தே வருஷம்! இந்தப் பதினைந்து வருஷத்தில் சென்னை ஜனங்களுடைய இச்சையடக்கம் அவ்வளவாய்க் கெட்டுப்போயிற்றா? 1989-ல் இருந்தவர்கள் எல்லாரும் பரிசுத்தவான்கள், 2004-ல் இருந்தவர்கள் எல்லாரும் போஜனப்பிரியர்களா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. மனுஷன் மாறவில்லை, மனுஷனைச் சுற்றி இருந்தது மாறிற்று. நம்முடைய மேடவாக்கத்தையே பாருங்கள். ஏரித் தண்ணீர் பாய்ந்த வயல்கள் எல்லாம் பிளாட் ஆயின. அண்டை நட்டவர், நாற்றுப் பறித்தவர் பிள்ளைகள் சோழிங்கநல்லூர் கம்பெனிகளில் பத்து மணி நேரம் நாற்காலியில் உட்காருகிறார்கள், சிலர் ராத்திரி ஷிப்டிலே. தூக்கம் குறைந்தாலே இன்சுலினுக்குச் சரீரம் கீழ்ப்படிகிறது குறையும். 2022-ல் பெரிய மேம்பாலம் திறந்தார்கள், நல்லதுதான், வண்டி வேகமாய்ப் போகிறது. நடக்கிறவனுக்கு? வேளச்சேரி ரோட்டைக் குறுக்கே கடக்கவே ஜெபம் பண்ணித்தான் கால் எடுத்து வைக்க வேண்டியிருக்கிறது. பெரும்பாக்கம் குடியிருப்புக்கு ஆற்றோரங்களிலிருந்து கொண்டுவந்து வைக்கப்பட்ட குடும்பங்களில், விடியுமுன்னே பஸ் பிடித்துப் பட்டணத்துக்கு வீட்டு வேலைக்குப் போகிற ஒரு சகோதரியிடம், "தினமும் காலையில வாக்கிங் போங்க சிஸ்டர்" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இன்னும் பின்னாலே போனால், தாயின் கர்ப்பமே சாட்சி சொல்லுகிறது. புனேயில் டாக்டர் யாக்னிக் என்பவரும் அவருடைய கூட்டத்தாரும் கிராமத்துக் குழந்தைகளைப் பிறந்தவுடன் நிறுத்துப் பார்த்தார்கள். சராசரி எடை 2.7 கிலோ. இங்கிலாந்தில் சவுதாம்ப்டன் நகரத்துக் குழந்தைகளுக்கு 3.5 கிலோ. நம்முடைய குழந்தைகளுக்குத் தசை குறைவாய் இருந்தது, ஆனால் கொழுப்பு மாத்திரம் அவ்வளவாய்க் குறையவில்லை. பார்வைக்கு மெலிவு, உள்ளே கொழுப்பு. அம்மாவும் பாட்டியும் பட்டினி கிடந்ததின் கணக்கு பிள்ளையின் சரீரத்தில் எழுதப்பட்டிருக்கிறது. "நான் ஒல்லியாத்தானே இருக்கேன், எனக்கு எப்படி வந்துச்சு?" என்று கேட்கிறவர்களுக்கு இதுவும் ஒரு பதில்.

"அப்படியானால் நம்முடைய கையில் ஒன்றுமே இல்லையா? எல்லாம் ஊர் செய்தது, பாட்டி செய்தது என்று சொல்லிக் கேசரியை இன்னொரு கரண்டி வாங்கிக்கொள்ளலாமா?" என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். இதற்குப் பதில் தூரதேசத்திலிருந்து வர வேண்டியதில்லை, நம்முடைய சென்னையிலேயே இருக்கிறது.

1948-ல் ஸ்டான்லி மருத்துவமனையில் பேராசிரியர் எம்.விசுவநாதன் சர்க்கரை வியாதிக்கென்று தனிப்பிரிவு தொடங்கின பட்டணம் இது. இங்கேதான் டாக்டர் ஏ.ராமச்சந்திரன் தலைமையில் ஒரு பரீட்சை நடத்தினார்கள், அதின் முடிவு 2006-ல் வெளியானது. என்னைப்போல வாசற்படியில் நின்ற 531 பேரை, 35 வயதுமுதல் 55 வயதுவரை உள்ளவர்களை, நாலு கூட்டமாய்ப் பிரித்தார்கள். ஒரு கூட்டத்துக்குச் சாதாரண ஆலோசனை மட்டும். ஒரு கூட்டத்துக்கு நடையும் உணவு மாற்றமும்: தினமும் அரை மணி நேரம் நடக்க வேண்டும், சர்க்கரையும் வெள்ளை மாவுச்சத்தும் எண்ணெயும் குறைக்க வேண்டும், நார்ச்சத்து கூட வேண்டும். மூன்றாவது கூட்டத்துக்கு மெட்ஃபார்மின் மாத்திரை. நாலாவதுக்கு இரண்டும்.

மூன்று வருஷம் கழித்து என்ன ஆயிற்று? ஒன்றும் செய்யாத கூட்டத்தில் நூற்றுக்கு 55 பேருக்குச் சர்க்கரை வந்துவிட்டது. நடந்து, உணவை மாற்றினவர்களில் 39 பேருக்கு வந்தது. மாத்திரைக் கூட்டத்திலும் ஏறக்குறைய அதே அளவு. இரண்டையும் செய்தவர்களுக்கும் அதற்குமேல் லாபம் இல்லை. இதில் ஒரு ஆச்சரியம், நடந்த கூட்டத்தாருக்கு எடை பெரிதாய்க் குறையவே இல்லை! தராசு முள் அசையாவிட்டாலும் தசையின் காது திறந்தது. "ஒரு மாசமா நடக்கிறேன், ஒரு கிலோகூடக் குறையலே" என்று சோர்ந்து செருப்பைக் கழற்றி வைத்துவிட்டவர்கள் இதைக் கேட்கட்டும்.

இந்த 55, 39 என்கிற இரண்டு எண்களைத்தான் நான் பலநாள் மனதில் போட்டுப் பார்த்தேன். வித்தியாசம் 16. நூறு பேரில் பதினாறு குடும்பம் மருந்துச் செலவுக்கும், கால் புண்ணுக்கும், டயாலிசிஸ் பயத்துக்கும் விலகி நின்றது என்றால் அது சின்ன காரியமா? ஒருபோதும் இல்லை. ஆகவே முயற்சி செய்வது கடமை. அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்த 39 பேரை யோசித்துப் பாருங்கள்! சொன்னதை எல்லாம் கேட்டு, நடந்து, வாயைக் கட்டியும் அவர்களில் அநேகருக்கு வந்தது. அவர்களைப் பார்த்து நாம் என்ன சொல்லுவோம்? "நீங்க சரியா கட்டியிருக்க மாட்டீங்க" என்போம். இன்னொரு பக்கம், ஒன்றும் செய்யாமல் இருந்தும் சர்க்கரை வராத 45 பேர் இருக்கிறார்களே, அவர்கள்தான் மற்றவர்களுக்குப் பிரசங்கம் பண்ண முதலில் எழும்புவார்கள். ரிப்போர்ட்டில் வருகிற எண்ணை வைத்து ஒருவனுடைய ஒழுக்கத்தை அளக்க முடியாது. முயன்றானா என்று கேட்கலாம், என்ன எண் வந்தது என்பதைக்கொண்டு தீர்ப்புச் சொல்ல ஒருவருக்கும் உரிமை இல்லை.

வேறு ஒன்றும் கேட்க வேண்டும். முயன்றானா என்று அவனை மாத்திரம் கேட்டால் போதுமா? அவன் தட்டில் போட்டது யார்?

சகோதரிகளே, சகோதரர்களே, இங்கே நான் கொஞ்சம் தைரியமாய்ப் பேசுகிறேன். நம்முடைய உபசரிப்பு எப்படிப்பட்டது? வீட்டு ஜெபக்கூட்டம் முடிந்தவுடன் ரவா கேசரி, மிக்சர், சர்க்கரை தூக்கலாய் டீ. ஒரே மாலையில் மூன்று வீடு சந்திக்கிற ஊழியர் மூன்று டீ குடித்தாக வேண்டும். "எனக்குச் சர்க்கரை வேண்டாம்மா" என்றால், "ஒரு நாள் சாப்பிட்டா ஒண்ணும் ஆகாது ஐயா, ஜெபம் பண்ணிட்டுச் சாப்பிடுங்க!" என்று கையில் திணிக்கிறோம். அந்த ஒரு நாள் நமக்குத்தான் ஒரு நாள். அவருக்கு அது வாரத்தில் ஆறு நாள். வேண்டாம் என்றால் அன்பைத் தள்ளினதாய் முகம் வாடுகிறது. அவரோ நம்முடைய முகத்தைக் காப்பாற்றத் தம்முடைய கணையத்தைக் கொடுக்கிறார். ரோமாபுரிச் சபையில் புசிக்கிறவனுக்கும் புசியாதவனுக்கும் நடுவே வந்த மனஸ்தாபத்தைப் பவுல் தீர்த்துவைக்க வேண்டியதாயிற்று. நம்முடைய கேசரிக் கிண்ணத்தை அவர் பார்த்திருந்தால் இன்னொரு அதிகாரம் எழுதியிருப்பாரோ என்னவோ!

வற்புறுத்துவது அன்பா? பசித்தவனை வற்புறுத்துவது அன்புதான். பஞ்சம் பார்த்த நம்முடைய தாத்தா பாட்டிகள், விருந்தாளி கூச்சத்தால் பசியோடே எழும்பிவிடக்கூடாதே என்று "இன்னும் கொஞ்சம்" என்றார்கள். அன்றைக்கு அந்த வார்த்தைக்கு அர்த்தம் இருந்தது. வயிறு நிறைந்து, இடுப்பு பெருத்து, டாக்டரிடம் எச்சரிப்பும் வாங்கிவந்த ஒருவரிடம் அதே வார்த்தையைச் சொல்லும்போது அதில் அவருடைய பசி இல்லை, நம்முடைய பெயர்தான் இருக்கிறது. "அந்த வீட்டில் நன்றாய்க் கவனித்தார்கள்" என்கிற பெயர்.

வீட்டுக்குள்ளே வந்தால் காரியம் இன்னும் கசப்பு. புருஷனுக்குச் சர்க்கரை என்றால் மனைவி காய் அதிகமாய் நறுக்குகிறாள், பயறு ஊறவைக்கிறாள், அவருக்குத் தனியாகச் சமைக்கிறாள். மனைவிக்கே வந்தால்? யார் அவளுக்குத் தனியாகச் சமைக்கிறார்கள்? எல்லாரும் சாப்பிட்டு எழும்பின பிறகு காய் தீர்ந்துபோயிருக்கும், முட்டை பிள்ளைகளுக்குப் போயிருக்கும், பானையில் மீந்த சோறும் அடிக்குழம்பும் இருக்கும். "வீணாப் போகுதே" என்று அதைப் போட்டுச் சாப்பிடுகிறவள் அவள். அப்புறம் ரிப்போர்ட்டைப் பார்த்து, "நீ வாயைக் கட்டலே" என்று சொல்லுகிறது நாம்தான். கர்ப்பகாலத்தில் சர்க்கரை வந்து, பிரசவத்துக்குப் பின் மறைந்துபோன சகோதரிகளுக்குப் பிற்காலத்தில் அது திரும்ப வர வாய்ப்பு அதிகம். அவர்கள் தட்டில் முதலில் காய் விழ வேண்டும், கடைசியில் அல்ல.

தட்டைப்பற்றி நாலு வார்த்தை. சோறு பாவம் அல்ல, ஆனால் நாம் போடுகிற சோறு மலை. ஒரு கப், அதாவது 150 கிராம் சோற்றில் 40 கிராமுக்குமேல் மாவுச்சத்து இருக்கிறது. நம்மில் பலர் மத்தியானத்தில் மூன்று கப் சாதாரணமாய்ப் புசிக்கிறோம். 21 தேசங்களில் செய்து 2020-ல் வெளியான ஆய்வில், வெள்ளைச்சோறு மிகுதியாய்ப் புசிக்கிறவர்களுக்குச் சர்க்கரை வரும் அபாயம் கூடியிருந்தது தென்னாசியாவில்தான் அதிகமாய்க் காணப்பட்டது. ராத்திரி சோற்றை விட்டுச் சப்பாத்திக்குப் போனேன் என்கிறீர்கள். நாலு சப்பாத்தியும் உருளைக்கிழங்குக் குருமாவும் என்றால் ஊர் மாறினதே தவிர ரோடு மாறவில்லை. கேழ்வரகுக் கூழும் அப்படித்தான், நைசாய் அரைத்து இரண்டு சொம்பு குடித்தால் சர்க்கரை ஏறத்தான் செய்யும். நாட்டுச்சர்க்கரை, கருப்பட்டி, தேன், எந்தப் பெயரில் வந்தாலும் இரத்தத்துக்கு அது சர்க்கரையே. தட்டில் பாதி காய், கால் பாகம் பயறோ முட்டையோ மீனோ, மீதிக் காலில் சோறு. காயையும் பயற்றையும் முதலில் புசித்துச் சோற்றைப் பிறகு எடுத்தால் சர்க்கரை மெதுவாய் ஏறுகிறது. சாப்பிட்டவுடன் பத்துப் பதினைந்து நிமிஷம் நடந்தால் தசைகள் இன்சுலின் தட்டாமலேயே சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். ரோடு இல்லையா, மொட்டைமாடி போதும். உட்கார்ந்து எழும்புவது, படி ஏறுவது எல்லாம் கணக்கில் சேரும், தசை இருந்தால்தானே சர்க்கரைக்கு வீடு இருக்கும்!

உபவாசத்தைப்பற்றிச் சொல்லாமல் போனால் என் மனச்சாட்சி விடாது. வாசற்படியில் நிற்கிறவர்களும், மெட்ஃபார்மின் மாத்திரம் எடுக்கிறவர்களும் உபவாசிப்பதில் பெரும்பாலும் அபாயம் குறைவு. ஆனால் இன்சுலின் ஊசி போடுகிறவர்களும், கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர்களும் டாக்டரைக் கேளாமல் மூன்று நாள் உபவாசம் இருக்கவே கூடாது. சர்க்கரை கீழே இறங்கினால் கை நடுங்கும், வேர்த்துக்கொட்டும், பேச்சுக் குழறும். ஜெபக்கூட்டத்தில் ஒருவருக்கு இப்படி நடந்தால் பக்கத்திலிருக்கிறவர்கள் அதைப் பரவசம் என்று எண்ணிவிட இடமுண்டு. அவர் நினைவோடு விழுங்கக்கூடியவராய் இருந்தால் உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து கொடுங்கள், நினைவு தப்பியிருந்தால் வாயில் ஒன்றும் ஊற்றாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். உபவாசம் முடித்து, பிரியாணியும் பாட்டில் ஜூஸுமாய்த் திறக்கிற வழக்கத்தையும் கொஞ்சம் யோசிக்கலாம்.

மாத்திரை எடுப்பது விசுவாசக் குறைச்சல் என்று நினைத்து நிறுத்துகிறவர்களும் உண்டு. கண்ணாடி போட்டு வேதம் வாசிக்கிறவரை நாம் அப்படிச் சொல்லுகிறோமா? சுகம் கிடைத்தது என்று நம்புகிறவர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்தம் கொடுத்துப் பார்க்கலாமே, எண் குறைந்திருந்தால் டாக்டரே மாத்திரையைக் குறைப்பார். நடக்க முடியாதவர்களுக்கு 2021-ல் தொடங்கின மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாத்திரை வீட்டுக்கே வருகிறது.

கடைசியாய் ஒரு கேள்வி, பலர் என்னிடம் கேட்டது. "எங்க அம்மாவுக்கு 82 வயசு, இருபது வருஷமா சர்க்கரை. பண்டிகைக்குப் பாயசம் கேட்கிறாங்க, கொடுக்கலாமா, கூடாதா?" மருமகள் ஒளித்து வைக்கிறாள், பேரன் ரகசியமாய்க் கொண்டுபோய்க் கொடுக்கிறான், வீட்டில் சண்டை. வயது மிகச் சென்றவர்களுக்கு வைத்தியர்களே கண்டிப்பைத் தளர்த்துகிறார்கள். அந்த வயதில் சர்க்கரை அளவுக்கு மிஞ்சித் தாழ்ந்து தலைசுற்றி விழுந்து இடுப்பெலும்பு முறிவதே பெரிய அபாயம். வாலிபனிடமும் என்னிடமும் பேசுகிற கண்டிப்பை அந்த அம்மாவிடம் பேச எனக்கு மனமில்லை. நானாயிருந்தால் சின்ன கிண்ணத்தில் இரண்டு கரண்டி பாயசம் ஊற்றி, எல்லாரும் பார்க்க, அவர்கள் கையிலேயே கொடுப்பேன். அன்றைக்குச் சோற்றில் ஒரு கரண்டியைக் குறைத்துக் கீரையைக் கூட்டிவிடுவேன். சாப்பிட்ட பிறகு பேரன் கையைப் பிடித்துக்கொண்டு வராண்டாவில் இரண்டு தரம் போய்வரட்டும்.